தளர்த்தி வைத்த எர்த் ஒயர்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் பட்டாளத்திலிருந்து வீடு திரும்பினேன். பட்டாளத்தில் எனக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, வண்டிகளின் மின்சார வேலை. பேட்டரி, டைனமோ, செல்ஃப் ஸ்டார்ட்டர் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவேன். இன்னொன்று, அடி. தப்பான ஒயரைத் தொட்டால் எங்கள் ஹவில்தார் ஸ்பேனரால் விரல் முட்டியில் போடுவார். நானும் அப்படியே ஆகிவிட்டேன். புதுக்கோட்டையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என்னோடு வேலை பார்த்தவர்களில் என்னிடம் அடி வாங்காதவர்கள் குறைவு. வீட்டிலும் கை நீளும். அதையெல்லாம் பெரிய தப்பாக அன்றைக்கு நான் நினைத்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் டிராக்டர்கள் வர ஆரம்பித்தன. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விவசாயி, தன் கடலைக் கொல்லைகளுக்காக ஒரு சின்ன டீசல் டிராக்டர் வாங்கியிருந்தார். இரண்டு சிலிண்டர் வண்டி. செல்ஃபும் உண்டு, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றியும் கிளப்பலாம். அதன் டைனமோவும் அதோடு சேர்ந்த கட்டவுட் பெட்டியும் ஒருமுறை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, நான்தான் சரிசெய்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஆள் வந்தது. பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது, மூன்று தடவை சார்ஜ் ஏற்றியும் நிற்கவில்லை, முதலாளி உடனே வரச் சொன்னார் என்றான் வந்தவன்.

ஆடி மாதம். முதல் நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன்.

கொல்லையை ஒட்டிய கொட்டகையில் வண்டி நின்றது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். என் வயதுதான் இருக்கும், நல்ல உடம்பு. அவருக்குப் பின்னால் டிரைவர். முன்பு அந்த வீட்டில் மாடு பூட்டி உழுதவன், பத்தே நாளில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டானாம். அவன் குடிசையும் முதலாளியின் நிலத்தில்தான் இருந்தது.

"பட்டாளத்தாரே, இங்கிட்டு வாங்க," என்றார் முதலாளி. "எவனோ வேல செய்யிறான் இதுல. என் பங்காளிக்கும் எனக்கும் வரப்புத் தகராறு இருக்கு. இந்த வண்டி ஓடக் கூடாதுன்னு அவன் நெனைக்கிறான். அதுக்கு இங்கேயே ஒருத்தன் கையாளா இருக்கான்னு எனக்குச் சந்தேகம்."

டிரைவர் ஒரு அடி முன்னால் வந்தான். "அண்ணே, அந்த ஒயர நாந்தாங்க…"

"ஒன்னய யாரு கேட்டா?" என்றேன். "கேட்டாச் சொல்லு."

அவன் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் சொல்லவந்ததை ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் அன்றைக்கு எதுவுமே நடந்திருக்காது.

பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். எர்த் ஒயரின் கிளாம்ப், விரலால் தள்ளினாலே சுற்றியது. போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் பளபளவென்று புதிதாக இருந்தது. ஓட்டத்தில் தானாகத் தளர்ந்த கிளாம்ப் அப்படி இருக்காது. என் சாமர்த்தியத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா.

"இது தானா லூசாகல. யாரோ வேணுமின்னே கழட்டியிருக்காங்க," என்றேன்.

"நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா?"

"பதினஞ்சு வருசமா எனக்கு இதாங்க வேல."

கொட்டகைத் தூணில் ஒரு பழைய ஃபேன் பெல்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி அதை எடுத்தார். முதல் வீச்சு டிரைவரின் முதுகில் விழுந்தது. இரண்டாவது தோளில். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. "ஐயா, ஐயா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது வீச்சு இடது காதோடு சேர்த்து விழுந்தது. அவன் சுருண்டு கலப்பையின் மேல் சாய்ந்தான். கலப்பை விளிம்பு பட்டு நெற்றி கிழிந்தது.

நான் திரும்பிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். பின்னால் பெல்ட் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் பழைய பேட்டரியை இறக்கிவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டிருந்தேன். அடி வாங்க வேண்டியவன் வாங்குகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசியாக எர்த் கிளாம்பைப் பேட்டரி முனையில் வைத்தேன். சுளீரென்று ஒரு பொறி பறந்தது.

பறந்திருக்கக் கூடாது. சாவி அணைந்திருந்தது, விளக்குகள் அணைந்திருந்தன. எதுவும் மின்சாரம் குடிக்காத வண்டியில் பொறி எப்படி வரும்? எழுந்து, பேட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் மீட்டரைப் பார்த்தேன். முள் இறங்குமுகமாகச் சாய்ந்து நின்றது. எங்கேயோ பேட்டரி ஒழுகிக்கொண்டிருந்தது. டைனமோவின் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினேன். எஞ்சின் நிற்கிறது, ஆனால் டைனமோ தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

எஞ்சின் ஓடும்போது டைனமோவிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குப் போகும். எஞ்சின் நின்றதும் அது திரும்பி டைனமோவுக்குள் ஓடாமல் கதவு மாதிரி தடுப்பதுதான் கட்டவுட். அந்தச் சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே பிரிய வேண்டிய இரண்டு முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்குரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பினேன். டக்கென்று பிரிந்தது. டைனமோ நின்றது. முள் நடுவுக்கு வந்தது.

முனைகளைப் பிரிக்கும் ஸ்பிரிங் வளைந்திருந்தது. அதில் என் குறடு கடித்த அடையாளம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதைச் சரிசெய்த அன்றைக்கு, கடைசி நேரத்தில் ஸ்பிரிங்கை அளந்து பார்க்காமல் குறடால் ஒரு வளை வளைத்து, மூடியைப் போட்டு அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகிற அவசரம். ஸ்பிரிங்குக்கு வலு போய், முனைகள் சரியாகப் பிரியாமல் தீப்பொறியில் ஒட்டிக்கொண்டன.

அப்போது டிரைவரின் மனைவி வந்தாள். பக்கத்துக் களத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். மடியிலிருந்த கடலை வழியெல்லாம் சிந்தியிருந்தது. புருஷன் முகத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஐயா, அவுகள அடிக்காதீங்க. அந்த ஒயர அவுகதான் கழட்டி வச்சாக. வண்டி சும்மா நிக்கிறப்பவே கரண்டு போயிருது, சாயங்காலம் கழட்டி வச்சுட்டுக் காலையில மாட்டுனா கொஞ்சம் தாங்குதுன்னு எங்கிட்டச் சொன்னாக. ஐயா வண்டி நிக்கக் கூடாதுன்னுதான் செஞ்சாக."

என் வாழ்நாளில் கேட்டதிலேயே சரியான கண்டுபிடிப்பு அது. படிப்பில்லாத ஒரு மனிதன் கோளாறு எங்கே என்று தெரியாமலேயே, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தான். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். கையில் ஸ்குரூடிரைவரோடு நின்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல? பொண்டாட்டியே ஒத்துக்கிட்டா, இவன்தான் கழட்டுனான்னு."

மறுபடி பெல்ட் ஏறியது. இந்த முறை அவள் தோளில் விழுந்தது. டிரைவர் அவளை இழுத்துத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தான். முதலாளி நிறுத்தவில்லை. மண் வெட்டுவதுபோல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பெல்ட்டைப் பிடித்தேன். "விடுங்க, போதும்" என்றேன். அவர் உதறியதில் பெல்ட் என் முகத்தில் பட்டது. அவ்வளவுதான். ஓங்கி அவர் வாயில் குத்தினேன். உதடு கிழிந்து பல் என் முட்டியில் ஏறியது. இரண்டாவது தடவையும் குத்தினேன். கீழே விழுந்தவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அடித்தேன்.

பல வருஷம் கழித்து இதை நான் சொல்லக் கேட்டவர்கள், அநியாயத்தைப் பொறுக்காமல் அடித்தாய் என்றார்கள். இல்லை. "தப்பு என்னுடையது" என்று இரண்டு வார்த்தை பேசுவதைவிட ஒருவனைக் குத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது.

கொல்லையில் நின்ற இரண்டு ஆட்கள் ஓடி வந்து என்னை இழுத்துப் போட்டார்கள். விலாவில் நாலைந்து உதை விழுந்தது. தூக்கி நிறுத்தி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி எழுந்து உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"எதுக்குய்யா என்னய அடிச்ச? நீதான சொன்ன, வேணுமின்னு கழட்டியிருக்காங்கன்னு."

அப்போதுதான் சொன்னேன். "அவன் மேல தப்பில்ல. கட்டவுட்டு ஒட்டிக்கிட்டிருக்கு. அதுலதான் பேட்டரி எறங்குது. அவன் கழட்டி வச்சதாலதான் இத்தன நாளு வண்டி ஓடியிருக்கு."

"ஒட்டுனது யாரு?"

"நாந்தான். அன்னைக்கு ஸ்பிரிங்க சரியா வைக்கல."

டிரைவர் மெதுவாக எழுந்தான். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. வண்டியின் முகப்பிலிருந்து ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை உருவினான். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும் அந்த இரும்பு. முதலாளி உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் நகர்ந்தார். என்னைப் பிடித்திருந்த ஆட்களும் கையை விட்டுவிட்டார்கள்.

அவன் முதலாளியைத் தாண்டி என்னிடம் வந்தான். ஓங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான். இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். எலும்பு முறிகிற சத்தம், காய்ந்த சுள்ளியை ஒடித்ததுபோல் எனக்கே நன்றாகக் கேட்டது. மண்டையில் விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இன்னொரு தடவை ஓங்கினான். அவன் மனைவி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க. வந்துருங்க. போயிருவோம்," என்றாள்.

அவன் ஹேண்டிலை முதலாளியின் காலுக்குப் பக்கத்தில் போட்டான். இரண்டு பேரும் கொல்லை வழியாக நடந்து போனார்கள். அன்றைக்கே குடிசையைக் காலி செய்துவிட்டு, அவள் பிறந்த ஊரான கந்தர்வகோட்டைப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

நான் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"வண்டியக் கெளப்பிட்டுப் போய்ச் சேரு," என்றார். "ஈரம் காயுது."

அவர் ஆட்களில் ஒருவனை அழைத்து, கட்டவுட் முனைகளுக்கு நடுவில் தீப்பெட்டி அட்டையை மடித்து வைக்கச் சொன்னேன். டைனமோ பெல்ட்டை மாட்டாமலே விடச் சொன்னேன். அந்த ஒரு நாளுக்குப் புதுப் பேட்டரி போதும். ஒற்றைக் கையால் செல்ஃபை அழுத்தினேன். வண்டி கிளம்பியது. முதலாளியே ஏறி உட்கார்ந்து, வீங்கிய வாயோடு கொல்லைக்குள் ஓட்டிப் போனார்.

நாட்டு வைத்தியர் முட்டையும் உளுந்தும் வைத்துக் கட்டிய மாவுக்கட்டோடு இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் கிடந்தேன். பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதாக ஒர்க்‌ஷாப்பில் சொல்லி வைத்தேன். என் மனைவி சோறு பிசைந்து தந்தாள், எப்படி முறிந்தது என்று இரண்டாவது தடவை கேட்கவில்லை. அந்த நாட்களில் நான் யாரையும் அடிக்கவில்லை. திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். கட்டுப் பிரித்த பிறகும் ஒன்றிரண்டு தடவை கை ஓங்கியிருக்கிறேன். ஓங்கிய கை பாதியில் நிற்கப் பல வருஷம் ஆயிற்று.

ஐப்பசியில் அவனைத் தேடிப் போனேன். ஊருக்கு வெளியே கிணறு வெட்டும் வேலையில் இருந்தான். அவன் மனைவிதான் முதலில் என்னைப் பார்த்தாள். மண் கூடையை இறக்கி வைத்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"அவரப் பாக்கணும்."

"பாத்து?"

அவள் கிணற்று விளிம்புக்குப் போய்க் குனிந்து சத்தமாகக் கூப்பிட்டாள். மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவன் ஏறி வந்தான். நெற்றியில் தழும்பு வெளுத்திருந்தது. நான் பேச ஆரம்பித்ததும் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினான்.

"எம்மேலதான் தப்பு," என்றேன். "அன்னைக்கு நீங்க சொல்ல வந்தத நான் கேக்கல."

அவன் என் இடது கையைப் பார்த்தான். கட்டு பிரித்தும் கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது.

"கையி கூடிருச்சா?"

"கூடிருச்சு."

"இது இனிமே கேக்காதுன்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க," என்று காதைத் தொட்டுக் காட்டினான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. பிறகு கேட்டான்: "வண்டி ஓடுதா?"

"ஓடுது. வேற கட்டவுட்டு போட்டாச்சு."

"நல்ல வண்டி," என்றான்.

அவன் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் தராமல் பக்கத்துக் கல்லின் மேல் வைத்தாள். நான் எடுத்துக் குடித்து முடிப்பதற்குள் அவன் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டான்.