டிராக்டர் பேட்டரியில் ஓடிய விண்கலம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று செங்கம் ரோட்டில் மாடி மேல் மாடியாக நிற்கிற லாட்ஜ் என்னுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பாத்திரக்கடையும் என்னுடையது. இதெல்லாம் திருவண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரிலிருந்து விண்வெளிக்கு முதன்முதலில் ஆள் அனுப்பியவன் நான்தான். அதுவும் ஒரு வாடகை சைக்கிள் கடையிலிருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. அன்று காலையில் பெங்களூரில் இருக்கும் என் மகள் போன் செய்தாள்.

"நைனா, பழைய ராக்கெட் சீரியல்னு சொல்லிட்டே இருப்பீங்களே, அது மொத்தமும் இன்டர்நெட்ல கெடக்குது. கீழ தமிழ்ல எழுத்துகூட வருது. அம்மாவுக்கு அனுப்பிட்டேன், பெரிய டி.வி.ல போட்டுப் பாருங்க."

கீழே தமிழில் எழுத்து வருகிறதாம். வாயில் வைத்த காபி தொண்டைக்குள் இறங்க மறுத்தது. ஏன் மறுத்தது என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் என்னோடு அந்த சைக்கிள் கடைக்கு வர வேண்டும்.

மாடவீதியைத் தொட்டாற்போல ஒரு சந்து. அதன் முனையில் கடை. பழைய சைக்கிள்களை வாங்கிக் கழுவித் துடைத்து வாடகைக்கு விட்டு, அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு டி.வி. வாங்கினேன். கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி, கறுப்பு வெள்ளை. சந்துக்கே அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லியிலிருந்து அந்தத் தொடர் வரும். கல்யாண வீட்டு சீரியல் பல்புகளை முன்னால் மாட்டி வைத்தது போல ஒரு விண்கலம். ஜிகினாத் தாளைச் சுற்றிக்கொண்டது போலச் சட்டை போட்ட கேப்டன். பீரோவுக்குக் கால் முளைத்தது போல ஒரு ரோபோ. மேலே ஆன்டெனா காற்றில் கொஞ்சம் திரும்பினால் போதும், விண்வெளி முழுக்கப் பனி கொட்டும். எது நட்சத்திரம், எது கோளாறு என்று எனக்கே தெரியாது. ஒரு கிரகவாசியின் முதுகில் ஜிப் இருந்ததைச் சந்தில் பூக்கட்டும் அக்கா கண்டுபிடித்துவிட்டார். "அந்த ஊர்ல தையல் அப்படித்தான்க்கா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

தொடர் முழுக்க இந்தி. எங்கள் சந்தில் ஒருவருக்கும் இந்தி தெரியாது.

"இன்னாபா சொல்றான் அவன்?" என்று முதல் வாரமே பூக்கட்டும் அக்கா கேட்டார்.

நான் ஒரு காலத்தில் லாரி கிளீனராக பம்பாய் வரை போய் வந்தவன். தண்ணீர் கேட்பேன், வழி கேட்பேன், நன்றாகத் திட்டுவேன். என் இந்தி அவ்வளவுதான். "கெளம்பலாம், எல்லாரும் கெட்டியா புடிச்சுக்கங்கன்றான்" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் விண்கலம் கிளம்பிவிட்டது. கூட்டம் மொத்தமும் டி.வி.யை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை ஒரு தடவை வாங்கியவன் திருப்பிக் கொடுப்பானா?

அடுத்த வாரத்திலிருந்து பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கதை தேறவில்லை. கேப்டனும் கறுப்பு அங்கி போட்ட ஒரு ராஜாவும் அடித்துக்கொள்கிறார்கள். எதற்கு என்று படத்தைப் பார்த்தால் தெரியவில்லை. "ரெண்டு பேருக்கும் இன்னாதான்டா தகராறு?" என்று கேட்டுக்கொண்டே டீக்கடைக்காரர் எழுந்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாமல் நம் ஜனம் எந்தச் சண்டையையும் உட்கார்ந்து பார்க்காது.

"அந்தக் கறுப்பு அங்கி, கேப்டனோட தாய்மாமன்" என்றேன்.

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். "அட, அப்படிச் சொல்லு! பொண்ணு இருக்குதா?"

"இருக்குது. குடுக்கறேன்னு சொல்லிட்டு இப்ப மாட்டேன்றான்."

"இதுக்காடா வானத்துக்குப் போனானுங்க? எங்க வூட்லயே நடக்குது."

அவ்வளவுதான், கதை பற்றிக்கொண்டது. முகத்தில் சாயம் பூசிய ஒரு பெண் மௌனமாக அந்த ராஜாவின் பக்கத்தில் நிற்பாள். அவளை மாமன் மகள் ஆக்கினேன். பச்சை நிறம் என்றும் சொன்னேன், கறுப்பு வெள்ளைப் பெட்டியில் யார் பார்த்தார்கள்? ரோபோ யார் தெரியுமா? கேப்டனின் அக்கா புருஷன்! மாமன் செய்த சூழ்ச்சியில் இரும்பாகிவிட்டார். அது தெரிந்த பிறகு ரோபோ தள்ளாடித் தள்ளாடி நடந்து வரும்போதெல்லாம் பூக்கட்டும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். டெல்லியில் உட்கார்ந்து எழுதினவன் அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டான்.

என்னைக் கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள்தான். எதிர் வீட்டில் தன் பெரியம்மாவிடம் தங்கித் தையல் கற்றுக்கொண்டிருந்த கீழ்பென்னாத்தூர்ப் பெண். கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடி, "போன வாரம் ரோபோவோட பொண்டாட்டி கேப்டனுக்கு அக்கான்னீங்க. இந்த வாரம் தங்கச்சின்றீங்க?" என்பாள். "இந்தியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைம்மா" என்று அடித்துவிட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே மறு வாரம் இன்னொரு தப்பு செய்தேன்.

பெரியம்மா மூலமாகப் பெண் கேட்டு அனுப்பினேன். அவள் அப்பா கடலை விவசாயி. நேராகக் கடைக்கே வந்துவிட்டார். சைக்கிள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் ஒன்றும் மலரவில்லை.

"படிப்பு இல்ல. நெலம் இல்ல. இந்தி மட்டும் தெரியும்ன்றாங்க, நெசமா?"

"தண்ணி பட்ட பாடுங்க."

அப்போதுதான் அவர் மனசு தெரிந்தது. அவர் ஊருக்குக் கடலை வாங்க வடநாட்டு வியாபாரிகள் வருவார்களாம். "என் எதிர்லயே என் கடலையைப் பத்தி அவங்களுக்குள்ள பேசிக்கிறானுங்க, தம்பி. நான் மரம் மாதிரி நிக்கறேன். நம்ம வூட்டு ஆள் ஒருத்தன் கூட நின்னா போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தேர் அன்னிக்கு ஞாயித்துக்கெழமைதான். மிலிட்டரில இருந்த நம்ம சிநேகிதரைக் கூட்டிட்டு வரேன். பஞ்சாப், காஷ்மீர்னு பாதி வயசு அங்கதான். அவரு ஒக்காந்து கேக்கட்டும். சரியா சொல்றன்னு அவரு சொல்லிட்டா, பொண்ணு உனக்கு."

சரியாக மாட்டிக்கொண்டேன். அப்படியும் ஒரு நம்பிக்கை இருந்தது. தேர் வரும்போது மாடவீதி முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். தேர் உச்சி கம்பியில் பட்டுவிடக் கூடாதே. கரண்டு போனால் டி.வி. போச்சு, பரீட்சையும் போச்சு. ஆனால் என் வாய் இருக்கிறதே! முந்தின வாரமே கூட்டத்திடம், "கரண்டு போனா இன்னா, இந்தப் பெட்டி பேட்டரிலயும் ஓடும், கடைசி வாரத்தைக் காட்டாம வுடமாட்டேன்" என்று மார் தட்டியிருந்தேன். சரி, பேட்டரிக்கு நான் எங்கே போவேன், அப்படியே தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

தேர் அன்று காலை அவள் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மிலிட்டரிக்காரர் முறுக்கு மீசையோடு கூட வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரு கூடை. கூடையில் சாக்கைச் சுற்றி நிமிர்த்தி வைத்த டிராக்டர் பேட்டரி.

"சந்துல சொன்னாங்க. பேட்டரிக்கு நீ எங்கப்பா தேடுவ? நம்ம டிராக்டர்ல இருந்ததைக் கழட்டிட்டே வந்துட்டேன்" என்றார்.

தொடர் ஆரம்பித்தது. கரண்டு போனது. பேட்டரியில் மாட்டினேன். பாழாய்ப் போன பெட்டி முன்னைவிடத் தெளிவாக ஓடியது. மிலிட்டரிக்காரர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் கேப்டனும் கறுப்பு அங்கியும் நேருக்கு நேர் நின்று என்னவோ பேசினார்கள். கேப்டன் கையை விரித்து விரித்துப் பேசினான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மிலிட்டரிக்காரரின் ஒரு பக்கத்துப் புருவம் மட்டும் ஏறியது. எதிர் வீட்டு வாசலில் அவள் நிற்பது தெரிந்தது. இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது என்று, கேப்டன் வாயை நான் எடுத்துக்கொண்டேன்.

"மாமா, எனக்குப் படிப்பு இல்ல, ஒத்துக்கறேன். நெலம் இல்ல. ஆனா இந்த வண்டியை நானே கழுவித் துடைச்சு ஓட்டறேன். ஒருத்தன்கிட்ட கை கட்டி நிக்கல. உங்க பொண்ணை ஒரு நாளும் கண்கலங்க வுடமாட்டேன். இவ்ளோ தூரம், இத்தனை கிரகம் தாண்டி எதுக்கு வந்தேன்? சண்டை போடவா? கேக்கத்தான் வந்தேன்…"

திரையில் கறுப்பு அங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாமன் இன்னா சொல்றான்?" என்றார் அவள் அப்பா.

"இன்னும் பதில் சொல்லலைங்க. யோசிக்கறான்."

"இதுல யோசிக்க இன்னாய்யா கெடக்குது? குடுத்துடச் சொல்லு! இவ்ளோ கேக்கறான் இல்ல, புள்ள!"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு மிலிட்டரிக்காரர் பக்கம் திரும்பினார். "சரியாத்தான் சொல்றானா?"

மிலிட்டரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீசையை ஒரு பக்கமாக நீவிவிட்டுக்கொண்டார். "வார்த்தைக்கு வார்த்தை" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தேர் முனை திரும்பியது. "அரோகரா" என்று மாடவீதி முழுக்க ஒரே குரல். எல்லோரும் கைகூப்பிக்கொண்டு ஓடிவிட்டார்கள். விண்கலம் ஆள் இல்லாமல் ஓடி முடிந்தது. மிலிட்டரிக்காரர் மட்டும் என் தோளைப் பிடித்துக் காதருகில் சொன்னார்: "டேய், வண்டியில எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு ரெண்டு பேரும் பேசினு இருக்கானுங்க. அவ்ளோதான் அதுல. அது கெடக்கட்டும், அந்த அக்கா புருஷன் திரும்ப மனுசன் ஆனானா இல்லியா?"

கல்யாணம் ஆனது. கடலை வியாபாரிகள் வருவதற்குள் மிலிட்டரிக்காரரிடமே போய் உட்கார்ந்து இந்தி கற்றுக்கொண்டேன். சொன்ன பொய்யை மெய்யாக்கிக் காட்டியவன் நான். எத்தனை பேருக்கு அந்தத் துப்பு இருக்கிறது? இன்று என் லாட்ஜுக்கு வருகிற டெல்லிக்காரர்கள், "நீங்கள் எந்த ஊரில் படித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். மாமனாரும் போய்விட்டார், மிலிட்டரிக்காரரும் போய்விட்டார். உண்மை என்னோடு மட்டும் பத்திரமாக இருந்தது, மகள் போன் செய்யும் வரை.

மனைவி முருங்கைக்கீரைத் தட்டோடு பெரிய டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நேராகக் கடைசி வாரத்தையே போட்டாள். "அன்னிக்குத் தேர் வந்து கெடுத்துடுச்சு" என்றாள். எனக்கு இப்போது இந்தி தெரியும் என்பது இன்னும் கஷ்டம். கேப்டன் எண்ணெய் என்கிறான், கறுப்பு அங்கி எண்ணெய் என்கிறான், கீழே தமிழிலும் எண்ணெய் என்றே ஓடுகிறது. இதைவிடச் சப்பையாக ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு அந்தப் பெண் பச்சை இல்லை. நல்ல நீலம்.

"இன்னாங்க, பச்சைன்னீங்க, அந்தப் பொண்ணு நீலமா இருக்குது?"

"பழைய படம். சாயம் போயிருக்கும்."

கீரையை ஆய்ந்துகொண்டே கீழே ஓடுகிற எழுத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து எழுத்தை நிறுத்தினாள். சத்தத்தையும் நிறுத்தினாள்.

"எங்கப்பாவுக்குத்தான் இந்தி வேண்டியிருந்துச்சு, எனக்கில்ல. சொல்லுங்க, மாமன் பொண்ணு குடுத்தானா?"

"குடுத்துட்டான்" என்றேன். தொண்டை சரியாகிவிட்டிருந்தது.

"பொண்ணை ஒரு வார்த்தை கேட்டானா?"

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில், ரோபோவுக்கு அழுகை கொடுத்தேன், ஜிப்புக்குத் தையல்காரன் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு வசனமும் கொடுக்கவில்லை. திரையில் நீலப் பெண் கேப்டனுக்கு எதிரே வந்து நின்று உதட்டை அசைத்தாள்.

"அவ இன்னா சொல்றா?" என்று நான்தான் கேட்டேன்.

மனைவி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "'இந்த ஆளுக்கு நம்ம பாஷை ஒரு எழுத்து தெரியாது, நைனா. அக்காவைத் தங்கச்சின்னான் பாரு, அன்னிக்கே தெரியும் எனக்கு. ஆனா புளுகறது நல்லா இருக்குது. போறேன், இவன்கூடவே'ன்றா."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டிலிருந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்து நானும் ஆய ஆரம்பித்தேன்.

"அப்புறம்?" என்றேன்.