பாக்கியம் பார்த்த வால்

போன செவ்வாய்க்கிழமை ஹட்டனிலிருந்து வட்டகொடைக்கு ரயிலேறினேன். என் மனைவியின் தம்பி யோகன் அங்கே ஒரு தோட்டத்தில் கண்டாக்கு. காலைப் பெரட்டில் ஆள் பிரித்து, எந்த மலையில் யார் கொழுந்து எடுப்பது என்று அனுப்புகிற உத்தியோகம். அதை வெள்ளிக்கிழமை மேனேஜர் துரையிடம் சொல்லிவிட்டு விடப்போகிறானாம். இனி முழுநேர டிரேடிங்!

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மனைவி, இரண்டு பிள்ளைகள், கொல்லையில் லீக்ஸ் பாத்தி... எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கே போவான்?

"நீங்கதான் நிறையப் படிச்சவராச்சே, போய் புத்தி சொல்லிட்டு வாங்க" என்று வீட்டில் அனுப்பிவிட்டார்கள். நான் படித்த லட்சணம் எனக்குத்தானே தெரியும்? என்னிடம் பொருளாதாரப் புத்தகங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் புக்மார்க் முன்னுரையிலேயே நிற்கிறது.

யோகன் தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். திரை முழுக்கக் கோடுகள் – சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா. விக்டோரியா பூங்காவில் பூ பூத்த மாதிரி.

"இது என்ன வியாபாரம் மாப்ள?"

"அமெரிக்காவுல பெரிய கம்பெனிங்க எல்லாத்தையும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் இருக்கு மச்சான். அது ஏறுமா, இறங்குமான்னு பார்த்து ஃபியூச்சர்ஸ்ல பிடிக்கணும். அன்னிக்கு வாங்கினத அன்னிக்கே வித்துடணும்."

"இப்ப அங்க எல்லாரும் தூங்குவாங்களே?"

"அவங்க தூங்குனாலும் இது ஓடும்."

"பணம்?"

"இன்னும் டெமோதான். பொய்க்காசு."

பொய்க்காசை நம்பி மெய்வேலையை விடுகிறான்! புத்தி சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் கோடுகள் விடவில்லை. இது என்ன, அது எதற்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அவனும் ஆசையாகச் சொன்னான். மூவிங் ஆவரேஜ் – கொஞ்ச நேரத்து விலைகளின் சராசரி. ஆர்எஸ்ஐ – விலை ஓடி ஓடி மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பது. எம்ஏசிடி – சின்னச் சராசரிக்கும் பெரிய சராசரிக்கும் உள்ள இடைவெளி. பொலிஞ்சர் பேண்ட் – சராசரியை விட்டு விலை எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது என்று காட்டுவது.

"ஒண்ணு மட்டும் சொன்னா நம்பவே மாட்டேன் மச்சான். நாலும் ஒண்ணா சொன்னா, அன்னிக்கு வழக்கத்தவிட நாலு மடங்கு போடுவேன்."

நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கே கை அரித்தது. இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தால் நானும் ஒரு கணக்குத் திறந்திருப்பேன். அதற்குள் வாசலில் கங்காணியின் குரல்.

"ஐயா! அஞ்சாம் நம்பர் மலையில புலி! பொம்பளைங்க எல்லாம் இறங்கிட்டாங்க!"

இந்தப் பக்கம் புலி என்றால் சிறுத்தை. வாசலில் கூடையோடு நாலு பெண்கள். இன்னைக்கு எந்த மலைக்கும் போக முடியாது என்று ஒரே சத்தம். யோகன் பதறவே இல்லை.

"செல்வி, நீ பாத்தியா?"

"நான் பாக்கலீங்க. லெச்சுமி சொல்லுச்சு."

"லெச்சுமி?"

"ராணிதாங்க கத்துச்சு, ஓடுங்கன்னு."

"ராணி?"

"பாக்கியம் அக்கா ஓடுனாங்க. நானும் ஓடுனேன்."

கடைசியில் பாக்கியம்.

"தண்ணிக் கானோரமா வாலு தெரிஞ்சுச்சுங்க ஐயா."

"மூஞ்சியப் பாத்தியா?"

"மூஞ்சியப் பாத்திருந்தா நான் இங்க நின்னு பேசிக்கிட்டிருப்பேனா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யோகனும்தான்.

"பாத்தது நாலு பேரு இல்ல. ஒரே ஆளு, அதுவும் வால மட்டும்" என்றான். ஆனாலும் பாக்கியத்தை அவன் தட்டிக்கழிக்கவில்லை. அஞ்சாம் நம்பரை மட்டும் மூடினான். எல்லாரையும் எட்டாம் நம்பருக்கு மாற்றினான். வனஜீவராசிகள் ஆபீசுக்குப் போன் போட்டான். மொத்தமே ஐந்து நிமிஷம்.

உள்ளே வந்தால் போனில் நாலு கோடும் பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா மச்சான்! நாலும் சொல்லுது!"

நான் புத்தி சொல்லவில்லை, சத்தியமாக. தெரியாமல்தான் கேட்டேன்.

"மாப்ள... இந்த நாலுக்கும் யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? விலைய வச்சுத்தான் கணக்குப் பண்ணுது."

"நாலுமா?"

"நாலு..."

அங்கேயே நின்றுவிட்டான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி சுமதியின் குரல் மட்டும் வந்தது.

"அப்போ இங்கயும் பாத்தது பாக்கியம் மட்டும்தானா?"

யோகன் போனைக் கிட்டே இழுத்தான். பழைய டிரேடுகளைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நாலும் ஒன்றாகச் சொன்ன நாட்களில் வழக்கத்தைவிட நாலு மடங்கு போட்டிருக்கிறான். சில நாள் அள்ளியிருக்கிறான். சில நாள் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரே சாட்சியை நாலு தடவை எண்ணியிருக்கிறான்! வாசலில் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தவனுக்கு, சீனிப் போத்தலுக்கு முன்னால் அது ஏன் தெரியவில்லை?

நமக்கும் இதே வியாதிதான். பிடிக்காத செய்தி வந்தால், உனக்கு யார் சொன்னது என்று கேட்போம். பிடித்த செய்தி வந்தால்... எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதோடு சரி.

யோகன் ஒவ்வொரு கோடாக அழித்தான். மூன்று போனதும் அடியில் விலை தெரிந்தது. அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை எனக்குப் போன் எடுத்தான்.

"துரைகிட்ட ஒண்ணும் சொல்லல மச்சான். வேலைய விடல. வருஷக் கடைசி வரைக்கும் டெமோவுலயே பாக்குறேன்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். வீட்டில் இதை எப்படிச் சொல்லிப் பெருமைப்படலாம் என்று வசனம்கூடத் தயார்.

"இன்னொண்ணு மச்சான்! ஆபீஸ்காரங்க வந்து பாத்தாங்க. கானோரமா கால் தடம் இருக்காம். புலியேதான்! ஒரே ஒரு வாலு... எவ்வளவு கரெக்டான சிக்னல் பாத்தீங்களா?"

அந்தப் பழைய குஷி குரலில் திரும்பியிருந்தது. இனி ஒற்றைக் கோட்டை நம்பியே பெரிசாகப் போடுவான் போலிருந்தது; என் வசனம் வீண்.

அஞ்சாம் நம்பர் மலையில் புலி நிஜமாகவே இருந்ததில், நஷ்டம் எனக்குத்தான்.