செமோரில் எழுதப்படாத புகார்

ஆதியும் அந்தமும் அற்ற ஏக இறைவனைப் புகழ்ந்து, அவன் திருத்தூதர்மீது சலவாத்து ஓதித் தொடங்குகிறேன்.

நபி பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி. நபிபெருமானாரின் புகழ்ப்பாக்களை ஓதுவதற்காக அதிராம்பட்டினத்திலிருந்து மலாய் நாட்டின் ஈப்போ நகருக்கு வந்திருந்த நான், தங்கை மகன் காதருடன் செமோருக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர். சுண்ணாம்புக் குன்றுகளைக் கடந்தால், ரப்பர் நின்ற நிலமெல்லாம் இப்போது எண்ணெய்க்கான செம்பனை.

செமோரில் காதருக்கு உணவகம். முந்தைய நாள் அங்கே, ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த லாரி ஓட்டுநர் செல்வம் நம் நபியை ஏசிவிட்டார். அவர் மகள் இஸ்லாத்தைத் தழுவி மணம் முடித்த ஆற்றாமை. சொற்களைத் தெளிவாகக் கேட்டவர் காதர் மட்டுமே. கூச்சலை வைத்துச் செய்தி பரவ, பள்ளிவாசல் நண்பர்கள் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள். மத நிந்தனைக்கு இந்நாட்டில் சிறை உண்டு.

"போட்டா அவர உள்ள வச்சிருவாங்க மாமா. போடலன்னா என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க லா."

"போட்டுவிடு, மருமகனே" என்றேன். என் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது.

எட்டரை மணி, காதரின் உணவகம். செல்வத்தின் அன்றாடக் கணக்கு: பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டு, நுரைக்க ஆற்றிய தேநீரான தே தாரிக் ஒன்று. ஐந்து வெள்ளி இருபது காசு. பதினெட்டு ஆண்டு வழக்கப்படி அன்றும் அவர் வந்து வாசலில் நின்றார்.

"மச்சான், ரொட்டி இருக்கா, போலீஸ்தான் இருக்கா?"

"உக்காருங்கண்ணே. வாயத் திங்கிறதுக்கு மட்டும் தொறங்க" என்றார் காதர்.

செல்வம் என்னைப் பார்த்தார். "பெரியவரே, எம்மக உங்க மதத்துக்குள்ள போக ஒரு நாள் போதும். வெளிய வரணும்னா கோர்ட்டுக்கு அலையணும், வருசக் கணக்கா. அது என்னா சுதந்திரம்?"

தேநீர் ஆறியது. காதரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பத்து மணி, காவல் நிலையம். சார்ஜன் மலாயில் பணிவாகக் கேட்டார்: செல்வம் கூறியதைச் சொல் மாறாமல் கூற வேண்டும். காதர் வாய் திறந்தார், மூடினார். எழுதித் தரலாமென்று பேனாவை நீட்டினார் சார்ஜன். விரல்கள் அதைத் தொடவில்லை.

"மாமா, அத என் வாயால எப்படிச் சொல்லுவேன்? இந்த மாசத்துல?"

நூற்றுக்கணக்கான புகழ்ப்பாக்களை மனத்தில் வைத்திருக்கும் எனக்கும், "சொல்" என்று ஏவ நா எழவில்லை. சொற்கள் இல்லாமல் புகாரைப் பதிய இயலாது என்றார் சார்ஜன். எழுந்துவிட்டோம்.

"பள்ளியில கேட்டா?"

"சொல்ல முடியவில்லை என்று சொல்."

ஜும்ஆத் தொழுகையில் மனம் நிலைகொள்ளவில்லை. நாளை காதர் மனம் மாறலாம். என் கோபமும் ஆறவில்லை. கையேந்தியபோது செல்வத்துக்காகக் கேட்க மனம் வரவில்லை. அவர் மகளுக்காகக் கேட்டேன்: அவள் தந்தை அவள் வீட்டுப் படியேற வேண்டும், சிறைப்படி அல்ல.

இதை வாசிக்கும் ஒவ்வொருவர் இல்லத்திலும் இறைவனுடைய ரஹ்மத் எனும் அருள் இறங்குவதாக. ஆமீன்.