ஏழு மாதம் ஒன்பது நாள்

2025 ஜூலை 17, வியாழக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்து இட்லி ஊற்றி, ஐந்தரைக்குக் கணவரைப் பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஏழு பத்துக்கு எனக்குக் கம்பெனி பஸ். ஆம்பூரில் ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன்.

என் மகள் அப்போது பெங்களூரில் இருந்தாள். பதினைந்து வயதிலேயே அங்குள்ள பெண்கள் கால்பந்து கிளப் ஒன்று ஒப்பந்தம் போட்டு, ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டது. பெரியவர்கள் ஆடும் லீக்கில் ஒருநாள் கடைசி இருபது நிமிடம் இறக்கிவிட்டார்கள். தன்னைவிடப் பத்து வயது மூத்த இரண்டு பேரைத் தாண்டிப் போய் கோல் போட்டாள். அந்த வீடியோ எங்கள் லைன் முழுக்கச் சுற்றியது. "இன்னாக்கா, உன் பொண்ணுக்கு நம்ம கம்பெனி ஷூ தாங்காது போல இருக்கே" என்பாள் பக்கத்து டேபிள்காரி.

பதினொன்று இருபதுக்கு கிளப் மேனேஜர் போன் செய்தார். கோலார் பக்கத்துத் தமிழர். பதினேழு வயதுக்குட்பட்டோர் முகாமுக்கு மகளின் பெயர் போயிருந்தது. 2009-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் இடம்.

"மா, பர்த் சர்டிபிகேட்ல 2009 ஜனவரி 21. பத்தாவது மார்க்‌ஷீட்ல 2008 ஜூன் 12. ரெண்டுல எதும்மா நிஜம்? வயசைக் கம்மி பண்றவங்களப் பாத்துப் பாத்து எல்லாருக்கும் பேஜாராயிடுச்சி. கண்டிப்பா கேள்வி வரும்."

"ஜனவரிதான் சார் நிஜம். ஸ்கூல்ல தப்பா எழுதிட்டாங்க" என்றேன்.

"அப்ப ஸ்கூல்ல லெட்டர் வாங்கிக் குடுங்க. அது வர்ற வரைக்கும் பாப்பா கிரவுண்டுல இறங்க முடியாது. வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

ஜனவரி என்றது உண்மை. பள்ளியைச் சொன்னது பொய்.

எங்கள் பக்கம் பலருக்கு ஒரிஜினல் தேதி, ஸ்கூல் தேதி என்று இரண்டு உண்டு. அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. 2013 ஜூனில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. ஐந்து வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு நாலரைகூட ஆகவில்லை. சர்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லி, ஏழு மாதம் ஒன்பது நாள் கூட்டி ஒரு தேதி கொடுத்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு பத்துக்கு மகள் பையோடு வந்து சேர்ந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஹெச்.எம். டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க இல்ல மா? வீட்டுக்குப் போய்க் கேட்டா, தப்பா எழுதிட்டேன்னு கையெழுத்துப் போடுவாங்களா?"

நான் 2013 டைரியை எடுத்துப் பார்த்தேன். 'பாப்பாவைப் பள்ளியில் சேர்த்தேன். வெயில் அதிகம்.' அவ்வளவுதான் இருந்தது. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால்கூட எழுதிவைக்கிறவள், அதை மட்டும் எழுதவில்லை. பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ சொல்லித்தான் எழுதினாங்களா?"

"ஆமா."

"வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் மா." பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இதச் சொன்னா கிளப்புல என்னை வச்சிக்குவாங்களா?" என்றாள்.

பெற்றோர் தவறான விவரம் கொடுத்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று அதில் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

"தெரியல" என்றேன்.

"சொல்லலன்னா?"

"டீச்சர் மேல பழி போவும்."

அவள் கணுக்காலில் ஒட்டியிருந்த டேப்பை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள். "டீச்சரை விட்டுடு மா. ஒரு வருஷமா ஓடிக்கினே இருக்கேன். எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு, பையைத் திறக்காமலே படுத்துவிட்டாள்.

முகாம் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. கிளப் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. ஒரு மாதம் கழித்துப் பயிற்சிக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். மார்க்‌ஷீட் திருத்தம் இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆட்டம் நடக்கும் நாட்களில் அவள் வெளியே உட்கார்ந்து பார்க்கிறாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வசதியாக நான் கூட்டிய மாதங்களை, ஆட வேண்டிய வயதில் அவள் கழித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் பையோடு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்பெனி பஸ் ஏறும் முன்பே மேனேஜருக்குப் போன் செய்தேன். "சார், ஸ்கூல்ல தப்பு நடக்கல. தேதியை மாத்திச் சொன்னது நான்தான். எழுதியே தர்றேன்" என்றேன். அந்தப் பக்கம் மைதானத்தில் விசில் ஊதும் சத்தமும், பெண்கள் ஓடத் தொடங்கும் சத்தமும் கேட்டன. என் மகள் இல்லாமல் தொடங்கிய அந்த ஓட்டத்தின் சத்தம், எந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாலும் இன்றும் எனக்குக் கேட்கிறது.