சுடாத நெற்றி

சித்தியின் வலது உள்ளங்கை எனக்கு நன்றாகத் தெரியும். விறகுச் சிராய் ஏறி ஏறித் தோல் தடித்துப்போன கை. மேகமலையில் நாங்கள் எஸ்டேட் லயத்தில் குடியிருந்தபோது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுவது அவள் வேலை. அன்று காலை வேலை முடிந்து நேராக வந்தவள், சுருண்டு படுத்திருந்த என் தங்கச்சியின் நெற்றியில் அந்தக் கையை வைத்தாள். "சுடலையே. எந்திரி ஆத்தா, பள்ளிக்கூடம் போகாம இருக்க என்னா நடிப்பு நடிக்கிற!" என்று சிரித்தாள். தங்கச்சி போனாள். மத்தியானம் வலிப்பு வந்தது. சின்னமனூருக்கு இறங்கும் ஜீப்பிலேயே செத்துப்போனாள்.

உடம்பு அனலாகக் கொதித்தது என்றார்கள் தூக்கிப்போனவர்கள். சித்தி அப்பாவுக்கு இரண்டாம் தாரம். போதாதா? மூத்தவள் பிள்ளையை வேண்டுமென்றே அனுப்பிவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று லயமே பேசியது. அதிகம் பேசியவன் நான். வளர்ந்த பிறகும் பேசினேன். அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: "காலைல அவளுக்குச் சுடலப்பா. காச்ச அப்பறந்தான் வந்துச்சு."

இப்போது நான் கம்பத்தில் இயற்பியல் வாத்தியார். போன வருடம் வெப்பச் சமநிலைப் பாடம் நடத்தினேன். ஒரே வெப்பநிலையில் உள்ள இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெப்பம் போகாது என்றேன். ஒருவன் எழுந்து, "சார், அப்ப காச்சக்காரன இன்னொரு காச்சக்காரன் தொட்டா சுடாதா?" என்றான். வகுப்பே சிரித்தது. "சுடாதுடா, உக்காரு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுப்பு வாயிலிருந்து நேராக வந்த கை! இத்தனை வருடம் இதே பாடத்தை நடத்திய முட்டாள் நான்.

அன்று மாலையே தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கேதான் சித்தி தனியாக இருந்தாள். பெரிய நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னேன். "நீ பொய் சொல்லல சித்தி. ஒன் கையும் அவ நெத்தியும் ஒரே சூட்டுல இருந்திருக்கு. அதான் ஒனக்குத் தெரியல."

அழுவாள், என்னை மன்னிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப காலைலயே அவளுக்குக் காச்ச இருந்துச்சாப்பா?"

ஊரே பழித்தபோதும் அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் காலையை மட்டும்தான். என் பாவத்தைக் கழுவிக்கொள்ள அதையும் பிடுங்கிவிட்டேன்.

இப்போது அவள் எங்களோடு இருக்கிறாள். நேற்று என் மகளுக்கு உடம்பு சரியில்லை. "தொட்டுப் பாரு சித்தி" என்றேன். அந்த வலது கை நெற்றிக்குப் பக்கத்தில் வரை வந்தது. நின்றது. பிறகு முந்தானைக்குள் போய்விட்டது.

"எனக்குத் தெரியாதுப்பா. நீயே பாரு."