அதே பதில்

அன்றாட வேலைகள் எவ்வளவு சிரமமாக இருக்கின்றன என்று கை நோயாளிகளிடம் கேட்கும் கேள்வித்தாள் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தோம். ஆராய்ச்சி எங்கள் துறைத் தலைவருடையது. எடுபிடி வேலை பிசியோதெரபிஸ்டான என்னுடையது. சட்டைப் பொத்தானை ஜாக்கெட் கொக்கி ஆக்குவதற்கே மூன்று கூட்டம் போட்டோம். முள்கரண்டியைத் தூக்கிவிட்டுச் சோறு பிசைவதை வைத்தோம். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

அடுத்து, கேள்வித்தாள் நம்பகமானதுதான் என்று நிரூபிக்க வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு வாரம் விட்டு அதே கேள்விகளைக் கேட்போம். கை அப்படியே இருந்தால் பதிலும் அப்படியே வர வேண்டும். அதனால் நடுவில் புதுச் சிகிச்சை எதுவும் தொடங்கக் கூடாது. வருடக்கணக்கில் வலியோடு இருப்பவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் போதிய அளவு கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஆதனக்கோட்டைப் பக்கத்திலிருந்து அந்த அக்கா வந்தார். முந்திரிக்கொட்டை உடைப்பவர். வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, அன்றுதான் மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். விரல்கள் வீங்கி விறைத்திருந்தன. உடனே பயிற்சி கொடுக்காவிட்டால் இறுகிவிடும் என்பது முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். தலைவர், “ரெண்டு வாரந்தானே, ரெண்டாவது ஃபாரம் வாங்கிட்டு ஆரம்பிங்க” என்றார். நான் மண்டையை ஆட்டினேன்.

அக்காவிடம் கேள்விகளை வாசித்தேன். பெரும்பாலானவற்றுக்குக் “கொஞ்சம் சிரமம்” என்றார். கொக்கி மாட்டுவதற்கு மட்டும் “ரொம்பச் சிரமம்.” இரண்டு வாரம் கழித்து இதே கேள்விகளைத் திரும்பக் கேட்பேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். பூட்டுத் திறப்பது, வாளி தூக்குவது, சோறு பிசைவது, எல்லாவற்றுக்கும் வரி பிசகாமல் அதே பதில்கள். எங்கள் தமிழ் ஜெயித்துவிட்டது என்று உள்ளுக்குள் குதித்தேன். ஃபாரத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் கையை மடக்கச் சொன்னேன். விரல்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. முன்பைவிட மோசம்.

“என்னக்கா இது? கொஞ்சம் சிரமம்னுதானே சொன்னீங்க?”

“மொத தடவ சொன்னதத்தானே மேடம் சொல்லணும்? மாத்திச் சொன்னா பொய் சொல்றான்னு எழுதிருவீங்கல்ல. வீட்டுக்குப் போனதும் மகள விட்டு எழுதி வச்சுக்கிட்டேன். இன்னைக்கு பஸ்ல வாரப்ப பூரா அதத்தான் படிச்சுக்கிட்டு வந்தேன்.”

தலைவரிடம் ஓடினேன். “ஃபாரத்துல இருக்கிறதுதாங்க டேட்டா” என்றார். அந்த ஆள்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஃபாரத்தைக் கிழிக்காமல் மற்ற ஃபாரங்களின் கட்டோடு சேர்த்தவள் நான்தான். கட்டுரையில் என் பெயரும் வரவிருந்தது.

பயிற்சியை அன்றே தொடங்கினேன். மெழுகு ஒத்தடம் கொடுத்து ஒவ்வொரு விரலாக வளைத்தேன். அவர் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுவார். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. மாதக்கணக்கில் பாடுபட்டும் இரண்டு விரல்கள் உள்ளங்கையைத் தொடவில்லை. கொட்டை உடைக்கும் கட்டையை அவரால் பிடிக்க முடியாமல் போனது. கட்டுரை வெளிவந்தது. கேள்வித்தாள் மிக நம்பகமானது என்று அதில் எழுதியிருந்தோம்.

இனி பயிற்சியால் பலனில்லை என்று ஒருநாள் சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் சரியாத்தானே மேடம் சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்க” என்றேன்.