வெறும் அப்பமும் ஆண்டவரும்

கோவிலில் என்னோடு நன்மை அப்பம் வாங்குகிற அக்கா, அண்ணன்மாரே, என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

சகல ஆத்துமாக்கள் திருநாள் வந்த வாரம். என் வீட்டுக்காரர் வயிற்றில் ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர்கூட நிற்கவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கின உடம்பு, ஜெலுத்தோங்கில் எங்கள் அறையில் வதங்கின கீரையாகக் கிடந்தது. டாக்டர் கொடுத்த மருந்தும் வாந்தியோடு போயிற்று. பிழைப்பது கஷ்டம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

"எனக்கு நன்மை வேணும் புள்ள. சாமியாரைக் கூப்பிடு" என்றார் இவர்.

சாமியார் சற்பிரசாதத்தை, பூசையில் ஆண்டவரான அந்த அப்பத்தை, மார்போடு அணைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெய் பூசினார். பிறகு தயங்கினார்.

"ஓயாமல் வாந்தி எடுக்கிறவருக்கு ஆண்டவரைக் கொடுக்கக்கூடாது, அம்மா. முதலில் பூசையில் வைக்காத வெறும் அப்பம் ஒரு துண்டு கொடுத்துப் பார்ப்போம்."

கொடுத்தார். விழுங்கின வேகத்தில் அது வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. "வந்தது வெறும் அப்பம்தானே சாமி? நீங்க கொண்டு வந்திருக்கிறது ஆண்டவர் இல்லையா? கொஞ்சம் இருங்க லா, போயிடாதீங்க" என்றேன். சாமியார் முழங்கால் போட்டு ஜெபமாலையை எடுத்தார். நான் வாயால் அருள்நிறைந்த மரியே சொன்னேன். மனசுக்குள் ஆண்டவரோடு சண்டை போட்டேன். 'கடலையே அடக்கினீரே, ஒரு மனுஷன் வயிற்றை அடக்க மாட்டீரா? வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவீரா?'

ஜெபமாலை பாதியில் இவர் தண்ணீர் கேட்டார். ஒரு கரண்டி கொடுத்தேன். ஜெபமாலை முடிந்தும் அது நின்றது.

சாமியார் நகக்கண் அளவுக்குச் சற்பிரசாதத்தைப் பிட்டு நாக்கில் வைத்தார். நான் ஒரு வெள்ளைத் துணியை இவர் தாடைக்குக் கீழே விரித்துப் பிடித்தேன். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆண்டவரே, இந்தத் துணியில் விழுந்துவிடாதேயும் என்று கதறினேன்.

விழவில்லை. இவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். சாயங்காலம் எழுந்து கஞ்சி கேட்டார். அதுவும் நின்றது.

மருந்து மெதுவாக வேலை செய்திருக்கும் என்கிறார்கள். செய்திருக்கட்டுமே, அதுவும் ஆண்டவர் கொடுத்த மருந்துதான். ஆனால் வெறும் அப்பம் வெளியே வந்ததையும் ஆண்டவர் உள்ளே தங்கினதையும் பார்த்தவள் நான். அதற்குமுன் வருஷத்துக்கு ஒருமுறை, பாஸ்குத் திருநாளுக்கு மட்டும் நன்மை வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு ஞாயிறு தவறுவதில்லை. அந்தச் சின்ன அப்பத்தில் அவரே இருக்கிறார். உங்கள் வீட்டுக் கஷ்டத்துக்கும் அவரைக் கூப்பிடுங்கள். வேண்டுமானால் சண்டையும் போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம்ப முடியாதவர்கள் ஜெலுத்தோங்குக்கு வாருங்கள். என் வீட்டுக்காரர் கருவாட்டுக் குழம்புக்கு மூன்றாம் தடவை சோறு கேட்பதைக் காட்டுகிறேன். அந்த வெள்ளைத் துணியையும் காட்டுகிறேன். ஒரு கறை கிடையாது.